இருபத்து மூன்றாம் கம்பத்துக்காரன்

ஒரே ராத்திரியில் பதினோராயிரம் தெருவிளக்குகளை அணைத்துவிட்டு, அதே கையோடு ஆறு வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருவனைக் கம்பத்திலிருந்து பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டுத் தூங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பெயர் ஏணி.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நின்றால் பறவைகள் வழிமாறிப் பறக்கும், உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதோடு பேசும் என்கிற அளவுக்கு உயரம். நகராட்சியின் விளக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவரை ஏணி என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவர் சொன்ன கதையைப் பாதி ஊர் நம்பியது. மீதி ஊர் நம்பியதுபோல் தலையாட்டியது. ஒரே ஒருவன் மட்டும் கடைசிவரை தலையாட்டவில்லை. அவன் ஏணியின் மனைவிக்குத் தம்பி. விளக்குப் பிரிவின் வண்டியை ஓட்டுகிறவன். போதாக்குறைக்கு, கதை நடந்த அந்த ராத்திரி ஏணிக்கு இரண்டடி தள்ளி நின்றவன்.

"மாமா அளக்குறாரு," என்பான். "அளக்கட்டும். ரிட்டயர் ஆன மனுஷனுக்குப் பொழுது போகணுமில்ல."

பதினோராயிரம் என்பது கொஞ்சம் கூடத்தான். நேர்மையாக எண்ணினால் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரும். ஆனால் ஏணியின் முழங்காலைக் கேட்டால் அது பதினோராயிரம் என்றுதான் சத்தியம் செய்யும்.

நடந்தது இதுதான்.

நகராட்சியின் கஜானா துடைத்து வைத்த பாத்திரம்போல ஆகியிருந்தது. ஒருநாள் காலை பொறியாளர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தாளை வாசித்தார். சின்ன வயசுப் பெண். தன் வீட்டு மின்சாரத்தைத் தானே துண்டிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தார். இனி ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை எந்தத் தெருவிலும் விளக்கு எரியாது. மிச்சம் பிடிக்க வேண்டும்.

"அதுக்குத் தானா அணையுற கருவி ஏதோ இருக்குமே, மேடம்," என்றார் ஏணி.

"இருக்கு. வாங்கக் காசில்ல."

ஆகவே, காசை மிச்சம் பிடிக்கும் கருவியாக ஏணியே நியமிக்கப்பட்டார். ஓய்வு பெற ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரத்தையும் நாற்காலியில் சாய்ந்து கழித்துவிடலாம் என்று அவர் போட்டிருந்த கணக்கு அன்றைக்கே மண்ணாயிற்று.

வேலை இப்படி. மச்சினன் வண்டியை ஓட்டுவான். தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு பகுதிக்கும் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, சுவிட்சை இழுத்துவிட வேண்டும். மொத்தம் பதினெட்டுப் பெட்டிகள். காலை ஐந்துக்குத் திரும்பப் போட வேறு ஆட்கள். பெட்டிக்குள் ஒரு மீட்டர் உண்டு. பன்னிரண்டைத் தாண்டி ஒரு நிமிஷம் எரிந்தாலும் அது காலையில் பொறியாளர் அம்மாவிடம் கோள் சொல்லிவிடும்.

பதினெட்டாவது பெட்டி கிடங்குத் தெருவில் இருந்தது.

அந்தத் தெருவில் வீடே கிடையாது. ஒரு பக்கம் கிடங்குகளின் நீளமான சுவர். இன்னொரு பக்கம், குழாய் பதிப்பதற்காகத் தோண்டி, பதிப்பதற்குப் பணமில்லாமல் அப்படியே விட்டுப்போன பள்ளம். நாற்பத்தொரு கம்பங்கள். பெட்டி இருப்பது இருபதாவது கம்பத்தின் அடியில். அதைத் தாண்டியதும் தெரு முழங்கைபோல மடங்கும். மடங்கியதும் வருவது இருபத்து மூன்றாம் கம்பம். அந்தக் கம்பத்தடியில்தான் பள்ளம் தெருவை வெட்டிக்கொண்டு குறுக்கே போகிறது. தாண்டுவதற்கு ஒற்றைப் பலகை. தெருவின் அந்தக் கோடியில் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் ஏணியின் மனைவிக்கு வேலை. இரண்டாவது ஷிப்ட் பன்னிரண்டரைக்கு முடியும். அந்த நேரத்துக்குப் பேருந்து இல்லை. பத்தொன்பது வருஷமாக அவள் அந்தத் தெரு வழியாகத்தான் நடந்து வருகிறாள்.

பெண்டாட்டி நடந்துவரும் தெருவின் விளக்கை, அவள் வருவதற்கு அரைமணி முன்னால் தன் கையாலேயே அணைக்க வேண்டும். இதுதான் ஏணிக்குக் கிடைத்த வேலை.

"எதிர்ல வந்து கூட்டிட்டு வரட்டுமா?" என்று முதல் நாள் கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் பின்வாங்கியது.

"வேணாம். டார்ச் இருக்கு. நீங்க முழங்காலைப் பாத்துக்குங்க."

"பயமா இருந்தா சொல்லு."

"பயப்படுறதுக்கும் தெம்பு வேணுங்க. பன்னெண்டரை மணிக்கு எனக்கு அது இருக்காது."

அவள் அப்படிச் சொன்னதில் ஏணிக்கு வெட்கப்படும் அளவுக்கு நிம்மதி. ஆறு வருஷமாக அவர் இருபத்து மூன்றாம் கம்பத்தின் பக்கம் போனதில்லை. மச்சினனும் போனதில்லை. ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதும் இல்லை.

முதல் ராத்திரி. பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது வண்டி இருபதாவது கம்பத்தடியில் போய் நின்றது. ஏணி இறங்கி, முதுகில் கை வைத்து நிமிர்ந்து, பெட்டியைத் திறந்து, சுவிட்சை இழுத்தார்.

இருட்டு வந்தது. அது மேலிருந்து விழவில்லை. பள்ளத்துக்குள் அதுவரை குந்தியிருந்தது, எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு தெருவுக்கு ஏறியதுபோல இருந்தது. சுவர் முதலில் போயிற்று. பிறகு கம்பங்கள். கடைசியில், நீட்டிப் பிடித்திருந்த தன் கையே ஏணிக்குத் தெரியவில்லை. ஈரமண் வாசனை மட்டும் மிச்சம்.

இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மச்சினன் இரண்டே நிமிஷத்தில் ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டான்.

ஒரு மணிக்கு அவள் வளைவைத் திரும்பி வந்தாள். வண்டியில் ஏறிச் செருப்பைக் கழற்றினாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"நான் ஒவ்வொரு கம்பத்துக்குக் கீழ வரவும் அந்த விளக்கை மட்டும் போட்டு, தாண்டினதும் அணைச்சு... உங்க மேடத்துக்குத் தெரிஞ்சா திட்ட மாட்டாங்களா?"

ஏணி திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். அந்தப் பெட்டியில் ஒரே சுவிட்ச்தான். போட்டால் நாற்பத்தொன்றும் எரியும். இழுத்தால் நாற்பத்தொன்றும் அணையும். ஒரு விளக்கை மட்டும் போட நகராட்சித் தலைவராலும் முடியாது.

"அக்கா அரைத் தூக்கத்துல நடந்திருக்கு," என்றான் மச்சினன், கண்ணைத் திறக்காமலே.

இரண்டாம் ராத்திரி ஏணி சுவிட்சை இழுத்ததோடு நிற்கவில்லை. மூன்று ஃபியூஸ்களையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி அந்தத் தெருவுக்கு மின்சாரம் வர வேண்டுமானால் அது நடந்துதான் வர வேண்டும்.

வண்டிக்குள் போகாமல் பெட்டி பக்கத்திலேயே நின்றார். தூங்கக்கூடாது என்று நின்றவர், நின்றபடியே தூங்கினார். அந்த உயரத்துக்கு அது ஒரு வித்தை. கண் விழித்தபோது, வளைவுக்கு அப்பால் கிடங்குச் சுவரின் மேல் ஒரு மஞ்சள் கறை தெரிந்தது.

கறை அணைந்தது.

கொஞ்சம் இப்பால் இன்னொரு கறை விழுந்தது.

யாரோ நடக்கிற வேகத்தில், மெதுவாக, ஒவ்வொரு கம்பமாக அது நெருங்கியது. ஏணி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மூன்று ஃபியூஸ்களும் அங்கேயே இருந்தன. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல மூன்றும் சுட்டன.

பிறகு மஞ்சள் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் இருட்டு. கடைசியில் அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தாள். டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது.

"இருபத்து நாலு வரைக்கும் ஒழுங்கா எரிஞ்சுது," என்றாள். "இருபத்து மூணு மட்டும் எரியல. பலகையைத் தவழ்ந்து தாண்டினேன். அந்த பல்பை மாத்துங்க."

"சரி."

"அங்க ஒரே கிராம்பு வாசனை. யாரோ மென்னுட்டு நின்ன மாதிரி."

மச்சினன் கண்ணைத் திறந்தான். இந்தத் தடவை முழுசாக.

கிராம்பு என்றால் முக்காலி.

முக்காலியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏணியோடு இருபது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவன். ஏணி எவ்வளவு உயரமோ அவ்வளவு குட்டை. ஏணியின் இடுப்பு வாரை அவன் மூக்கால் துடைக்கலாம் என்பார்கள். குட்டையன்தான் கம்பத்தில் ஏறுவான், நெட்டையன் கீழே நிற்பான். இதைப் பார்த்துச் சிரிக்காத தெரு அந்த ஊரில் இல்லை. அவனுக்கு வருஷம் பூராவும் பல்வலி. வாயில் கிராம்பு இல்லாமல் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

வளைவுகளில், மேலே இருப்பவனைச் சுவிட்சுப் பெட்டியடியில் நிற்கும் பெட்டிக்காரனால் பார்க்க முடியாது. கத்தினாலும் லாரிச் சத்தத்தில் கேட்காது. ஆகவே விளக்குப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவன் ஸ்பேனரால் கம்பத்தைத் தட்டுவான். உள்ளே கூடான கம்பம், தெருக்கோடிவரை மணிபோல ஒலிக்கும். இரண்டு தட்டு என்றால், 'போடாதே, வேலை இருக்கு.' மூன்று தட்டு என்றால், 'முடிஞ்சுது, இறங்குறேன்.' பெட்டிக்காரன் அதே எண்ணிக்கையைப் பெட்டி மூடியில் திருப்பித் தட்ட வேண்டும். மேலே இருப்பவன் அதைக் கேட்டு, சரியாக இருந்தால், மூன்றுக்கு இறங்கி நின்றபின், ஒற்றைத் தட்டுத் தட்டுவான். 'சரி.' அந்த ஒற்றைத் தட்டு வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம். இருபத்து மூன்றாம் கம்பம். காலையிலிருந்து அது பத்தொன்பதாவது விளக்கு. ஏணிக்கு நின்ற இடத்திலேயே கண் சொருகியது. முக்காலி இரண்டு தட்டுத் தட்டினான். கழன்று தொங்கிக்கொண்டிருந்த விளக்கு மூடி காற்றில் ஆடி, கம்பத்தில் ஒருமுறை இடித்தது.

ஏணியின் காதில் மூன்று விழுந்தது.

திருப்பித் தட்டவில்லை. கை தூக்க அலுப்பு. சுவிட்சைப் போட்டார்.

விசாரணையில், "திருப்பித் தட்டினேன்," என்றார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த மச்சினனும், "மாமா தட்டினது என் காதுல விழுந்துச்சு," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அக்காள் புருஷனைக் காப்பாற்றத்தான். 'இறந்தவரின் அஜாக்கிரதை' என்று ஒரு வரியில் கோப்பை மூடினார்கள். விளக்குப் பிரிவின் வாசலில், வேலையில் உயிர் விட்டவர்களின் பெயர்களைப் பொறித்த ஒரு பலகை உண்டு. அதில் ஒன்பது பெயர்கள். அஜாக்கிரதையாகச் செத்தவன் பெயரை அதில் போடுவதில்லை.

ஆறு வருஷமாக அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டும்போதெல்லாம் ஏணி செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

மூன்றாம் ராத்திரி.

பன்னிரண்டு மணி. சுவிட்ச். ஃபியூஸ். இருட்டு.

"இன்னைக்கு நான் முன்னால போய் அக்காவைக் கூட்டிட்டு வரேன்," என்றான் மச்சினன்.

"போ."

அவன் போகவில்லை. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பன்னிரண்டே முக்கால். வளைவுக்கு அப்பால் மஞ்சள் எழுந்தது. அணைந்தது. எழுந்தது. வழக்கம்போல இருபத்து நாலில் வந்து நின்றது.

ஆனால் இன்றைக்கு அது அணையவில்லை.

"என்னங்க," என்று அவள் குரல் கேட்டது. "இங்க பலகை இல்ல."

ஏணி வளைவைப் பார்த்துக் கத்தினார். "எங்க நிக்கிற?"

"இருபத்து நாலுக்குக் கீழ. பலகை பள்ளத்துல விழுந்து கிடக்கு போல. பள்ளத்துக்குள்ள ஒண்ணும் தெரியல. பின்னால மண்ணு சரியுது. நான் நிக்குற இடமும் லேசா இறங்குது."

"அசையாத. அப்படியே நில்லு."

"சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க. கால் வலிக்குது."

ஏணி ஃபியூஸ்களைத் திருப்பிச் சொருகினார். சுவிட்சைத் தள்ளினார். ஒன்றும் எரியவில்லை. இழுத்துத் தள்ளினார். இழுத்துத் தள்ளினார். நாற்பத்தொரு கம்பங்களும் செவிடாக நின்றன.

அப்போது வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது.

டங்.

டங்.

டங்.

"காத்து," என்றான் மச்சினன். "காத்து, மாமா. ஏதோ தகரம் ஆடுது."

ஒரு இலை அசையவில்லை.

டங். டங். டங்.

கிராம்பு வாசனை. அதன் அடியில், கருகிய ரப்பரின் வாசனை.

ஏணிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு வருஷமாக முக்காலி மேலேயே இருக்கிறான். இறங்குகிறேன் என்று சொல்லிப் பதில் கிடைக்காமல் எந்த விளக்குக்காரனும் இறங்க மாட்டான். இத்தனை நாளும் ராத்திரி பூராவும் விளக்கு எரிந்தது, அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது நகராட்சி அதையும் பிடுங்கிவிட்டது. இருட்டில் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பான்?

டங். டங். டங்.

"மாமா, வண்டியில ஏறுங்க."

"உங்க அக்கா அங்க நிக்குறா."

"ஏறுங்க மாமா, சுத்தி அந்தப் பக்கமா போயிடலாம்."

"அதுக்குள்ள மண்ணு சரிஞ்சிடும்." ஏணி இடுப்பிலிருந்து திருப்புளியை எடுத்தார். பெட்டி மூடியின் மேல் அதன் பிடியை வைத்தார். "அன்னைக்கு இதைச் செய்யல, மாப்ள. உனக்கும் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றான் மச்சினன்.

ஏணி தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு, கம்பத்தில் பதித்த படிக்கம்பிகளின் மேல் பூட்ஸ் இறங்குகிற சத்தம்.

மெதுவாக. அவசரமே இல்லாமல். ஆறு வருஷம் மடங்கிக் கிடந்த கால்கள் இறங்குவதுபோல.

பதினொரு படிகள். கடைசிப் படியிலிருந்து தரைக்கு முக்காலியின் கால் எட்டாது. எப்போதும் இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பான்.

தொப்.

டங். ஒற்றைத் தட்டு.

இருபத்து மூன்றாம் விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் வளைவைத் திரும்பி வந்தாள். சேலையெல்லாம் மண். நேராக வந்து, வண்டியில் ஏறி, உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாருங்க அந்த ஆளு? பலகையைத் தூக்கிப் போட்டு, கையைப் பிடிச்சுத் தாண்டிவிட்டாரு. முகத்தைக் காட்டவே இல்ல. ரப்பர் கையுறை போட்டிருந்தாரு."

மச்சினன் வண்டியைக் கிளப்பினான்.

"முக்காலி அண்ணன் உயரம்தான் இருக்கும்," என்றாள். கண்ணைத் திறந்து புருஷனை ஒருமுறை பார்த்தாள். திரும்ப மூடிக்கொண்டாள். அவள் மணிக்கட்டில் இருந்த கிராம்பு வாசனை, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் காரமான சோப்புக்கும் நான்கு நாள் போகவில்லை.

அந்த ராத்திரிதான் ஏணி ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் பொறியாளர் அம்மாவின் மேசையில் ஒரு தாளை வைத்தார். 'நான் திருப்பித் தட்டவில்லை. தவறு என்னுடையது. அவன் பெயரை வாசல் பலகையில் போடவும்.' கீழே கையெழுத்து.

பொறியாளர் அம்மா பழைய கோப்பை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க இல்லன்னு எழுதுறீங்க. உங்க டிரைவர் கேட்டேன்னு எழுதியிருக்காரே. எதை நான் நம்புறது? அவரும் மாத்தி எழுதிக் குடுத்தா மேல அனுப்புறேன்."

மச்சினன் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டான்.

"எழுதினா என்ன ஆகும் தெரியுமா, மாமா? பொய் சாட்சின்னு என்னைத் தூக்கிடுவாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. நீங்க ரிட்டயர் ஆகப் போறீங்க, உங்களுக்கென்ன?"

"அந்த ராத்திரி நீயும்தானே கேட்ட?"

"தகரம் ஆடிச்சு. யாரோ ஒரு வழிப்போக்கன் அக்காவுக்கு உதவி பண்ணினான். அவ்வளவுதான்."

ஏழு வாரம் கழிந்தது. ஏணிக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டிகளின் சாவிக்கொத்து மச்சினன் கைக்குப் போயிற்று. ஏணி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் மடக்கிக் கதை சொல்ல ஆரம்பித்தார். தொள்ளாயிரம் விளக்கு ஒரே வாரத்தில் நாலாயிரம் ஆனது. மாதக் கடைசியில் பதினோராயிரம். ஆனால் அந்த மூன்று தட்டை மட்டும் அவர் ஒருபோதும் நான்காக்கியதில்லை.

அவர் மனைவி வழக்கம்போல அதே தெருவில் நடந்து வந்தாள். விளக்குகள் அவளுக்காக ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன. இப்போது இருபத்து மூன்றும் எரிந்தது.

"அதான் இறக்கிவிட்டாச்சே, இன்னும் ஏன் எரியுது?" என்று கேட்டவர்களிடம், "இறங்கினவன் நடந்து போக வெளிச்சம் வேணாமா?" என்பார் ஏணி. சிரிப்பார். அவர் மட்டும்தான் சிரிப்பார்.

ஒருநாள் காலை. மணி ஐந்து அடித்து, தெருவிளக்குகள் அப்போதுதான் திரும்ப எரிந்தன. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டு ஏணி கதவைத் திறந்தார்.

மச்சினன் நின்றிருந்தான். முகம் சுண்ணாம்பு. ராத்திரி பூராவும் தூங்காத கண். உள்ளே வந்து, சாப்பாட்டு மேசை முன்னால், இறக்கிப் போட்ட மூட்டைபோல உட்கார்ந்தான். அக்காள் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"என்னடா?" என்றாள்.

"பன்னெண்டு மணிக்குச் சுவிட்சை இழுத்தேன். நேத்து உனக்கு லீவுன்னு காத்திருக்காம வண்டியில ஏறினேன். வண்டிக் கூரை மேல இரும்பு ஏணி கட்டி வச்சிருக்கோமே, அதுல தட்டுச்சு."

"எத்தனை?" என்றார் ஏணி.

"மூணு. நான் பேசாம இருந்தேன். திரும்ப மூணு. வண்டி கிளம்பல. கதவு திறக்கல. மணிக்கணக்கா, மாமா. நிறுத்தவே இல்ல. கோபமாத் தட்டல. அலுத்துப் போய்த் தட்டுற மாதிரி தட்டுச்சு. அதான் தாங்க முடியல."

"அப்புறம்?"

"நாலரைக்கு நான் டேஷ்போர்டுல திருப்பித் தட்டினேன். மேலேருந்து இறங்கி வந்தாரு. கதவு தானா திறந்துச்சு. நடு சீட்டுல உக்காந்தாரு. எப்பவும் உக்கார்ற இடம்." அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "இப்பவும் அங்கதான் இருக்காரு."

ஏணி ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருவிளக்கின் அடியில் வண்டி நின்றது. உள்ளே யாருமில்லை. நடு சீட்டின் இருக்கை மட்டும், ஒரு குட்டை ஆளின் கனத்துக்கு, அமுங்கியிருந்தது.

வெளியிலிருந்து கேட்டது.

டங். டங். டங்.

மச்சினன் விரல்களை மடக்கினான். சாப்பாட்டு மேசையில் மூன்று முறை தட்டினான். பிறகு அலமாரியின் மேலிருந்த பேனாவையும் தாளையும் அக்காளே எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"மாமா சொன்னது எல்லாமே நடந்தது, அக்கா," என்றான், எழுதிக்கொண்டே. "அந்த ராத்திரியும் நடந்துச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னால அந்தச் சாயங்காலமும் நடந்துச்சு. மாமா திருப்பித் தட்டல. நான் எதையும் கேக்கல."

கையெழுத்துப் போட்டான்.

வண்டியிலிருந்து ஒற்றைத் தட்டு வந்தது.